மெலிந்த கிருமி

எச்.ஐ.வி. கிருமி உடலிற் புகுந்தபின், மருந்தில்லாதோர்க்கு அது எய்ட்ஸ் நோயாய் முற்றப் பெரும்பாலும் பத்தாண்டுகள் ஆகும். சிலர்க்கோ மூன்றாண்டுகளே போதும். வேறு சிலர் இருபதாண்டு கடந்தும் நலமாயிருப்பர். இவ்வேறுபாடு கிருமியினால் நேர்வதா, அன்றி அதனை ஏற்ற உடலினால் நேர்வதா?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர் இதற்கோர் அரிய சான்று தந்தது. ஆங்கு ஒருவர், தமக்குத் தொற்றிருப்பதை அறியாது, 1981 முதல் 1984 வரை குருதிக்கொடை அளித்தார். கொடைக் குருதியைச் சோதிக்கும் முறை 1985இல்தான் வந்தது. அவர் குருதியால் தொற்றுற்றோர் வெவ்வேறு உடல்வாகினர். எனினும் கொடையாளரைப் போலவே நெடுங்காலம் எய்ட்ஸ் காணாதிருந்தனர். 1995இல் காரணம் வெளியாயிற்று. அவர்கள் அனைவரிடமும் இருந்த கிருமியில் 'நெஃப்' என்னும் மரபணுவின் பகுதி அழிந்திருந்தது. தொற்றிய அணுவை உடற்காப்பு அணுக்களின் கண்ணிற் படாமல் மறைக்க உதவுவது அம்மரபணு. நோயைத் தந்த கொடையே அறிவையும் தந்தது என்றெழுதக் கை கூசுகின்றது. ஆயினும் நடந்தது அதுவே.

உடலின் பங்கு மறுவாண்டே தெளிந்தது. கிருமி நுழையும் வாயில்களுள் ஒன்று 'சிசிஆர்5' என்னும் புரதம். அதற்குரிய மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுற்று வந்தால் தொற்றுவதே அரிது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் தாமதிக்கும்.

சிட்னிக் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கொடையாளர் உள்ளிட்ட சிலரிடம் காப்பணுக்கள் குறைந்தன. 1999இல் அவரும் மருந்துண்ணத் தொடங்கினார்.