இளையோர் வளைதடிப் பந்தாட்டத்தில் புள்ளிவிவரப் பகுப்பாய்வு

இளையோர் வளைதடிப் பந்தாட்டத்தில் புள்ளிவிவரப் பகுப்பாய்வு என்பது, 21 வயதுக்குட்பட்டோர் ஹாக்கி அணிகள் ஆட்ட நிகழ்வுகளை எண்ணிப் பதிவு செய்து, பயிற்சிக்கும் ஆட்ட உத்திக்கும் பயன்படுத்தும் முறையாகும். கோல் எண்ணிக்கை மட்டும் ஓர் அணியின் வலிமையைக் காட்டிவிடாது என்பதே இதன் அடிப்படை. சென்னையிலும், பழனி மலைத்தொடருக்குத் தென்கிழக்கே அமைந்த மதுரையிலும் 2025இல் நடைபெற்ற ஆடவர் இளையோர் உலகக்கிண்ணம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பதிவு செய்யப்படுபவை

தாக்கும் அணியின் வீரர் இலக்கின் முன்னுள்ள வட்டத்துக்குள் பந்தைத் தொட்டிருந்தால் மட்டுமே கோல் கணக்கில் கொள்ளப்படும். ஆகவே பின்வருவன முதன்மையாக எண்ணப்படுகின்றன:

* வட்டத்துக்குள் நுழைந்த தடவைகள்
* இலக்கை நோக்கிய அடிகள்
* பெனால்ட்டி கார்னர்களும் அவற்றுள் கோலானவையும்
* பந்து கைப்பற்றப்பட்ட, இழக்கப்பட்ட இடங்கள்
* அட்டைகள் (பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடம் வெளியேற்றப்படுவார்)

நுழைவுகள் மிகுந்தும் அடிகள் குறைந்தும் இருந்தால், குறை பெரும்பாலும் வட்டத்துக்குள் பந்தைக் கடத்துவதில் இருக்கும். நுழைவுகளே குறைவாயின் நடுக்களத்தை ஆராய வேண்டும்.

கருவிகள்

பெரிய அணிகள் நிகழ்படப் பதிவுகளை நிகழ்வுவாரியாகப் பிரித்து ஆராய்கின்றன. வீரர்கள் அணியும் ஜி.பி.எஸ். கருவி, ஓடிய தொலைவையும் வேகத்தையும் அளக்கிறது. ஆட்டக்காரர்களை எத்தனை முறையும் மாற்றலாம் என்பதால், யாரை எப்போது ஓய்வெடுக்க அனுப்புவது என்று முடிவு செய்ய இது உதவுகிறது. பள்ளி அணிகள் தாளும் எழுதுகோலும் கொண்டே மேற்கண்டவற்றை எண்ணலாம்.

2025 உலகக்கிண்ணம்

முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்ற இப்போட்டி நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடைபெற்றது. பிரிவு ஆட்டங்களில் இந்தியா சிலியை 7-0, ஓமானை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என வென்றது. 29 கோல்கள் அடித்த அணி ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 எனச் சமன் செய்து, ஷூட்-அவுட்டிலேயே வென்றது. அரையிறுதியில் செருமனியிடம் 1-5 எனத் தோற்றது. பின்னர் அர்கெந்தீனாவை 4-2 என வென்று வெண்கலம் பெற்றது. இறுதியாட்டத்தில் செருமனி எசுப்பானியாவை ஷூட்-அவுட்டில் வென்றது. எதிரணியின் தரத்தைக் கருதாமல் கூட்டப்படும் எண்கள் தவறான நம்பிக்கை தரும் என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன.

வரம்புகள்

ஒரு தொடரில் ஆட்டங்கள் சிலவே. 5 பெனால்ட்டி கார்னர்களில் ஒன்று கோலானால் 20 விழுக்காடு. இன்னொன்றும் கோலானால் 40 விழுக்காடு. இத்தகைய சிறு எண்ணிக்கையைக் கொண்டு ஒருவரின் திறனை முடிவு செய்தல் பொருந்தாது. மேலும், இளையோரின் உடல் வளர்ச்சி ஒரே சீராக இருப்பதில்லை. வேகம், ஓட்டத் தொலைவு ஆகியவற்றை மட்டும் அளவுகோலாக்கினால், தாமதமாக வளரும் திறமையாளர்கள் தேர்வில் விடுபட நேரிடும்.