சிவப்பு தெரியாத வெளிச்சம்

மத்தூரில் எங்கள் மாந்தோப்புக்கு மும்முனை மின்சாரம் பல நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போட அப்பா போயே ஆகணும். கையில் மூணு கட்டை போடுகிற பித்தளை எவரெடி டார்ச். கட்டை தீர்ந்தாலும் தூக்கிப்போட மாட்டார், வெயிலில் காயவைத்து இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவார். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அட்டையில் ஆயிரம் லூமன் என்று போட்டிருந்த ஒரு எல்இடி டார்ச்சை வாங்கிவந்து கொடுத்தேன். பேர் வேண்டாம். முதல் நாளே சொல்லிவிட்டார்: “இன்னாடா லைட்டு இது? எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிச்ச மாரி காட்டுது.”

பழகிடும்ப்பா என்றேன்.

ஒரு மாசம் இருக்கும். மாஞ்சருகுக்குள் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனை மிதிக்க ஒரு அடிதான் பாக்கி. அது சீறியதால் தப்பித்தார். “லைட்டு நேரா அதும்மேலதான் அடிச்சேன், தெரியல” என்றார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய டார்ச்சின் குண்டு பல்பு தருவது 20 லூமன் சொச்சம். நான் வாங்கித் தந்தது அட்டைக் கணக்குப்படி அதைவிட ஐம்பது மடங்கு. அப்படியும் ஏன் தெரியவில்லை?

குண்டு பல்பு என்பது சூடேறிய டங்ஸ்டன் கம்பி. அதன் ஒளியில் சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருக்கும், சிவப்பு தூக்கலாக. அந்த மஞ்சள் வட்டத்தில்தான் இந்தியக் கிராமங்கள் பல தலைமுறை வரப்பு நடந்தன. (அந்த எவரெடியைச் செய்தது யூனியன் கார்பைடு இந்தியா. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததும் அதே கம்பெனியின் ஆலையில்தான். 1994இல் கைமாறிய பிறகு கம்பெனியின் பேரே எவரெடி ஆனது. எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் டார்ச்சுக்கு இப்படியொரு பூர்வீகம் இருப்பது காலேஜ் முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.)

எல்இடியின் கதை வேறு. 1962இல் நிக் ஹொலோன்யாக் சிவப்பு எல்இடியைக் காட்டினார். நீலத்துக்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நகமுரா 1993இல் பளீரென்ற நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அகசாகி, அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014இல் நோபல் கிடைத்தது. நிச்சியா அடிப்படையில் பாஸ்பர் பொடி செய்கிற கம்பெனி. நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினார்கள். நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. 1996இல் வெள்ளை எல்இடி விற்பனைக்கு வந்தது. இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. விரியனும் சருகும் பழுப்பு. பழுப்பு என்பது மங்கிய ஆரஞ்சு, சிவப்பு வகையறாதான். அந்தப் பக்கம் ஒளியே விழாவிட்டால் ரெண்டும் ஒரே சாம்பல்.

அடுத்தது லூமன் ஓட்டப்பந்தயம். 2010இல் அமெரிக்காவின் க்ரீ அறிவித்த எக்ஸ்எம்-எல், 10 வாட்டில் 1000 லூமன் தொட்டது. டார்ச் உலகமே புரண்டது. ஆனால் லூமன் என்கிற அளவுகோலே 1924இல் வகுத்த கண்ணின் உணர்திறன் வரைபடத்தை வைத்துத்தான். அதில் பச்சைக்கு முழு மார்க், ஆழ்ந்த சிவப்புக்கு ஏறக்குறைய பூஜ்யம். சிவப்பைச் சேர்த்தால் லூமன் குறையும், அட்டையில் எண் சின்னதாகும். யார் சேர்ப்பார்கள்?

நிறத்தை அளக்க சி.ஆர்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். 1960களில் உருவான அந்த எண், எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அடர் சிவப்பான ஒன்பதாவது மாதிரி, ஆர்9, சராசரியில் சேராது! எழுபது சி.ஆர்.ஐ. உள்ள சாதாரண குளிர்வெள்ளை எல்இடிகளில் ஆர்9 பல சமயம் மைனஸில் போகும். குண்டு பல்புக்கு நூறு. ஒரு டெஸ்ட்கேஸை விட்டுவிட்டு எல்லாம் பாஸ் என்று ரிலீஸ் செய்கிற எங்கள் வேலைதான் ஞாபகம் வந்தது.

சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்த எமிட்டர்களும் உண்டு. நிச்சியா 219பி, லூமினஸ் எஸ்எஸ்டி-20இன் சில ரகங்கள். சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9உம் நன்றாக இருக்கும். லூமன் கணிசமாக அடிவாங்கும். தூரமும் வேறு கணக்கு: சில்லு சின்னதாக, ஒளி அடர்த்தியாக இருந்தால் கற்றை தூரம் போகும். ஆஸ்ராமின் ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லுகள் அதற்குப் பேர்போனவை. எக்ஸ்எம்-எல் சில்லு நாலு சதுர மில்லிமீட்டர். அது பக்கத்தில் வெளிச்சத்தைக் கொட்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பேஸ்ட் சோல்டர் வாங்கி, வீட்டில் ஒதுக்கிப்போட்ட தோசைக்கல்லில் சூடேற்றி, அந்த டார்ச்சின் எமிட்டரைப் பிடுங்கிவிட்டு 219பி வைத்தேன். அம்மா அந்தக் கல்லை அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் போட்டார்.

ராத்திரி தோப்புக்குப் போனோம். அப்பா சருகின் மேல் அடித்துப் பார்த்தார். காய்ந்த இலை, அழுகிய இலை, செம்மண் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. “பழசு மாரி இருக்கு” என்றார். அப்புறம் வேலிப் பக்கம் அடித்தார். “தூரம் போவலியே.”

இப்போது கையில் ரெண்டு டார்ச் வைத்திருக்கிறார், காலடிக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று. தடி கக்கத்தில். ரப்பர் பூட்ஸ் மட்டும் எவ்வளவு சொல்லியும் போடமாட்டேன் என்கிறார்.