அனுமனை இயக்கிப் பார்க்க ஒரு கணினி

2009ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் நிறுவனம் உருவாக்கியது; முழுவதும் இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு என்ற அறிமுகத்தோடு வந்தது. தெய்வத்தைப் பொத்தான்களால் இயக்குவது பக்தியை இழிவுபடுத்துவதாகாதா என்ற எதிர்ப்பு உடனே அமெரிக்காவிலிருந்து எழுந்தது. இவ்விவாதத்தை ஆராயும் மாணவருக்கு அன்றைய செய்தித் துணுக்குகள் மட்டும் போதுமா? ஆடுபவர் அனுமனாகிறாரா, அனுமனை ஏவுகிறாரா, தோற்கும்போது திரையில் என்ன நிகழ்கிறது என்பதெல்லாம் ஆடிப் பார்த்தாலன்றி விளங்காது. திரைப்படத்தைப் பார்க்காமல் அதன் தணிக்கை வரலாற்றை எழுதுவதை எந்த ஆய்வு நெறியாளரும் ஏற்கமாட்டார். விளையாட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன்?

இது ஒரு விளையாட்டின் பிரச்சினையன்று. கபடி, பட்டம், கில்லி ஆகியவற்றைத் திரைக்குக் கொண்டுவந்த ‘தேசி அட்டா’ அதே 2009இல் வந்தது. ‘ரா.ஒன்’ 2011இல், ‘டான் 2’ 2013இல். பிளேஸ்டேஷன் 2 உற்பத்தி நின்றுவிட்ட செய்தி 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், உலகம் கைவிட்ட கருவியை இந்தியச் சந்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது என்பது புரியும். இன்று அக்கருவிகளில் வட்டு படிக்கும் ஒளிமுனைகள் தேய்ந்து வருகின்றன. ஆகவே மலிவான கணினி ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து, எமுலேட்டர் வழியாக இவற்றை ஓட்டுவது பொழுதுபோக்கு மட்டுமன்று, ஆவணக்காப்பு வேலையும்கூட. அதற்கு எந்தக் கணினி என்ற கேள்வியை, கடைக்காரரிடம் விடாமல், வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

மலிவு என்பது இந்தியக் கன்சோல் வரலாற்றின் நடுநாயகமான சொல். 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாகச் சேகா தன் மெகா டிரைவை இங்கே கொண்டுவந்தது. 80 விழுக்காடு இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீடுகளுக்குள் வந்தவை நின்டெண்டோவின் 8 பிட் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்களே. கார்ட்ரிட்ஜை நாம் ‘கேசட்’ என்றோம். இன்றும் பலருக்கு அதுதான் பெயர்.

இந்த நகல்களால் நம் நினைவுக்கே ஒரு தனி வேகம் வாய்த்துவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. இந்தியாவின் பால் முறையில் 50 முறை. அக்கால விளையாட்டுகளில் பெரும்பாலானவை திரைப் புதுப்பிப்பையே கடிகாரமாகக் கொண்டவை. எனவே இங்கே மரியோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். இசையும் தளர்ந்து ஒலித்தது. மெசன், எப்சியூஎக்ஸ் ஆகிய எமுலேட்டர்களில் ‘டெண்டி’ என்றொரு அமைப்பு உண்டு. ரஷ்யாவில் புகழ்பெற்ற நகல் கருவியின் பெயர் அது. பால் நாடுகளுக்கான நகல்களின் நேரக்கணக்கை அது பின்பற்றுகிறது. 60இல் ஓடவிட்டுவிட்டு ‘என் சிறுவயதில் இப்படி இல்லையே’ என்று வியப்பவர்கள் முதலில் அங்கே பார்க்கட்டும்.

இந்த 8 பிட் விளையாட்டுகளுக்கு ராஸ்பெர்ரி பை 4 தாராளம். முதல் பிளேஸ்டேஷன் வரையிலும் அது தாங்கும். செலவு ஏறுவது பிளேஸ்டேஷன் 2இல்தான். அதன் முதன்மைச் செயலி 300 மெகாஹெர்ட்சுக்கும் குறைவானது. ஆனால் இரண்டு வெக்டர் அலகுகள், தனி வரைகலைச் சில்லு, ஒலிச் சில்லு எனப் பல உறுப்புகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து இயங்கும் கூட்டமைப்பு அது. ஒன்றின் விடைக்கு மற்றொன்று காத்திருப்பதால் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஓரளவுக்கே இயலும். ஆகவே பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டருக்கு எட்டுக் கோர்கள் இருப்பதைவிட ஒரு கோர் வேகமாக இருப்பதே முக்கியம். ‘ஆறு கோர், எட்டு கோர்’ என்ற விளம்பரத்திற்கு மயங்க வேண்டாம்.

தில்லியின் நேரு பிளேசிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் அலுவலகங்கள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகள் வரிசையாகக் கிடைக்கின்றன. ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு இவையே பொருத்தம் என்பது என் கருத்து. 2015இன் ஐ5-6500 செயலியிலிருந்து தொடங்கலாம். நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும், ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் உண்டு. பெயரின் ஈற்றில் ‘டி’ என்ற எழுத்து உள்ளதா என்று பாருங்கள். 6500டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும், வேகத்தையும் 3.1 கிகாஹெர்ட்சோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளங்கைப் பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான். 8 ஜிபி ராம் போதும். ஒற்றைப் பட்டையாக இல்லாமல் இரண்டு 4 ஜிபி பட்டைகளாக இருந்தால் உள்ளமைந்த வரைகலைக்கு நினைவகப் பாதை இருமடங்காகும். விண்டோஸ் 11 இத்தலைமுறைச் செயலிகளை ஏற்காது. லினக்ஸ் நிறுவுங்கள், பிசிஎஸ்எக்ஸ்2 அதிலும் ஓடும்.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? மூலத் தெளிவில் பார்க்கவே விரும்பும் வரலாற்று மாணவருக்குப் பெரும்பாலும் வேண்டாம். மும்மடங்காகப் பெருக்கி மெருகேற்றிய படம் அழகுதான். ஆனால் அன்று எவரும் கண்டது அதுவன்று. வாங்கியே தீர்வதென்றால் ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள். அதே பெயரில் 2018இல் வந்த டிடிஆர்4 வகை மிகவும் பின்தங்கியது.

தொலைக்காட்சிப் பக்கம் இரண்டு சொற்கள். அலுவலகப் பெட்டிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ இராது, டிஸ்பிளேபோர்ட் மட்டுமே. மாற்றி ஒன்று தேவைப்படும். இந்தியப் பதிப்புகள் பால் முறைக்கானவை என்பதால், 50 ஹெர்ட்சில் ஓடும் ஆட்டத்திற்குக் கணினியின் வெளியீட்டையும் 50 ஹெர்ட்சாக அமையுங்கள். 60இல் விட்டால் அசைவு விக்கிவிக்கி நகரும். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை இயக்கிவிட்டுத்தான் தாமதத்தைப் பற்றிக் குறைகூற வேண்டும்.

எஞ்சியிருப்பது வட்டு. பிளேஸ்டேஷன் 2 வட்டுகளைச் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். உள்ளங்கைப் பெட்டியைத் தவிர்த்துச் சற்றே பெரிய பெட்டியை நான் பரிந்துரைப்பதற்கு இது இன்னொரு காரணம். முறையாகப் பெற்ற நிரலுக்கு இழப்பு நேராதபடி காப்புநகல் எடுக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் இறக்கிய பிறருடைய நகலுக்கு அந்த வாதம் செல்லாது. எமுலேட்டருக்கு வேண்டிய பயாஸ் கோப்பையும் சொந்தக் கருவியிலிருந்து எடுப்பதே முறை. அதற்கு இயங்கும் நிலையில் ஒரு பிளேஸ்டேஷன் 2 வேண்டும். உறவினர் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், கபாடிக்காரர் வருவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். அதனுடன் கிடக்கும் மெமரி கார்டையும் சேர்த்து.