சுறாவைத் துரத்தாதீங்க, காத்திருங்க! அக்வாரியத்தில் போன் போட்டோ கைடு

டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று உள்ளே போய், 200 போட்டோ எடுத்துவிட்டு வெளியே வந்து கேலரியைத் திறந்தால்... பாதியில் மீனுக்குப் பதில் உங்கள் முகம், மீதியில் நீல நிறத்தில் ஏதோ ஒரு கோடு. சென்னை இ.சி.ஆரில் உள்ள வி.ஜி.பி. மரைன் கிங்டமாக இருந்தாலும் சரி, ஜப்பானின் ஒகினாவா சுராவுமி அக்வாரியமாக இருந்தாலும் சரி, போட்டோவைக் கெடுப்பவை மூன்றுதான்: குறைந்த வெளிச்சம், தடிமனான கண்ணாடி, நிற்காமல் ஓடும் மீன். மூன்றையும் சமாளிக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் போனே போதும்.

ஃபிளாஷை முதலில் அணையுங்கள்

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அப்படியே உங்களிடம் திரும்பி வரும். படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். அதைவிட முக்கியமான காரணம், பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணை மூட இமையே கிடையாது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் விலகி ஓடத்தான் பார்க்கும். 'ஆட்டோ'வில் விட்டால் போன் தானாகவே ஃபிளாஷ் அடித்துவிடும் என்பதால், உள்ளே நுழையும் முன்பே 'ஆஃப்' செய்துவிடுங்கள். கண்ணாடியைத் தட்டி மீனைக் கூப்பிடும் வேலையும் வேண்டாம்.

கண்ணாடியோடு ஒட்டுங்கள்

பெரிய தொட்டிகளில் நாம் 'கண்ணாடி' என்று சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக். சுராவுமியின் பெரிய தொட்டியில் அதன் தடிமன் மட்டும் சுமார் 60 செ.மீ.! இவ்வளவு தடிமன் வழியாகச் சாய்வாகப் பார்த்தால் ஒளி விலகி, மீனின் ஓரங்கள் கலங்கித் தெரியும். அதனால் எப்போதும் நேராக நின்று எடுங்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டு, போனைக் கண்ணாடிக்கு மிக அருகில், கீறல் விழாதபடி மெதுவாகப் பிடியுங்கள். இடைவெளி குறையக் குறைய பிரதிபலிப்பும் குறையும். கறுப்புத் துப்பட்டாவையோ கர்ச்சீஃப்பையோ போனைச் சுற்றிப் பிடித்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து அடர்நிற உடையில் போங்கள். சுரங்கப்பாதை மாதிரி வளைந்த இடத்தில் உருவம் கொஞ்சம் நெளியும். மீன் தலைக்கு நேர் மேலே வரும்போது எடுத்தால் நெளிவு குறைவாக இருக்கும்.

செட்டிங்ஸ் இப்படி வையுங்கள்

* நைட் மோட் வேண்டாம்: அது சில விநாடிகள் வரை படம் பிடிக்கும். அதற்குள் மீன் அடுத்த மூலைக்குப் போயிருக்கும்.
* புரோ மோட் இருந்தால்: ஷட்டர் வேகம் மெதுவான மீனுக்கு 1/125, சுறாவுக்கு 1/250. ஐ.எஸ்.ஓ 800-ல் தொடங்கி, இருட்டாக இருந்தால் 1600 வரை ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கலங்கிப்போன படத்தைத்தான் சரிசெய்யவே முடியாது.
* புரோ மோட் இல்லையா? மீன் மீது விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்து, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள்.
* ஜூம் வேண்டாம்: டிஜிட்டல் ஜூம் தெளிவைக் கெடுக்கும். மீன் உங்கள் பக்கம் வரும்வரை பொறுங்கள்.
* வீடியோவும் உதவும்: 4கே வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 8 மெகாபிக்ஸல் படம். நல்ல விநாடியைப் பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

சுறாவுக்குத் தனி டெக்னிக்

பல வகைச் சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே தண்ணீர் பாய்ந்து, அவற்றால் சுவாசிக்க முடியும். அதனால் அது நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால், தொட்டிக்குள் அது பெரும்பாலும் ஒரே பாதையில் சுற்றிவரும். முதல் இரண்டு சுற்றுக்கு போனை எடுக்காமல் பாருங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்கு அருகே வருகிறது, எங்கே திரும்புகிறது என்று பிடிபட்டுவிடும். மூன்றாவது சுற்றில் அந்த இடத்தில் ஃபோகஸை லாக் செய்து காத்திருந்து, வரும்போது பர்ஸ்ட் மோடில் அழுத்துங்கள். சுறா போகும் திசையிலேயே போனையும் மெதுவாக நகர்த்துங்கள்.

பக்கவாட்டில் எடுத்தால் செவுள் பிளவுகள் அழகாகத் தெரியும். கீழிருந்து எடுத்தால் வெளிர் நிற வயிறும் வாயும் கிடைக்கும். எந்தக் கோணமானாலும் கண் தெளிவாக இருக்க வேண்டும். கண் கலங்கினால் படமே போச்சு! புதிதாகப் பழகுபவர்கள், தரையில் படுத்து ஓய்வெடுக்கும் நர்ஸ் சுறா இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

சுறா எவ்வளவு பெரியது என்று காட்ட வேண்டுமா? இரண்டடி பின்னால் வந்து, கண்ணாடி முன் நிற்கும் உங்கள் வீட்டுக் குட்டியின் நிழலுருவத்தோடு சேர்த்து எடுங்கள். அந்த ஃபிரேமில் முகமே தேவைப்படாது.

கடைசியாக, எடிட்டிங்

சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடும். தொட்டி விளக்குகளும் பல இடங்களில் நீலம்தான். எனவே எடிட்டில் வார்ம்த்தைக் கொஞ்சம் கூட்டி, கான்ட்ராஸ்ட்டை லேசாக ஏற்றினால் போதும். ஆரஞ்சு மீன் ஆரஞ்சாகத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இழுத்தால் அது வேறு மீனாகிவிடும். 200-ல் 10 தேறினாலே நல்ல நாள்தான். மீதியை டெலிட் செய்துவிட்டு, அந்தப் பத்தை மட்டும் ஸ்டேட்டஸில் போடுங்கள்.