என்ன பாடு?

மயிலிட்டித் துறையடியில் வைத்து ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். 1990இல் ஊரை விட்டுப் போனவர், பிறகு நாட்டையும் விட்டுப் போனவர். இத்தனை காலம் கழித்து வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், இளவயதில் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன கூட்டாளி எதிரே வந்திருக்கிறார். "என்னடா பாடு?" என்று கேட்டாராம். இவர் "ஏதோ பறவாயில்லை" என்றாராம். "எப்ப போறாய்?" என்று இன்னொரு கேள்வி. பிறகு தலையை ஆட்டிவிட்டு வலைகள் கிடந்த பக்கம் நடந்துவிட்டார்.

"வருசக்கணக்காய்க் காணாதவன் கேக்கிற கேள்வியோ அண்ணை இது? நேற்றுக் கண்ட ஆளைக் கேக்கிற மாதிரி. வந்த உடனை எப்ப போறாய் எண்டும் கேக்கிறான். உள்ளுக்கு ஏதும் வைச்சுக்கொண்டு கேட்டவனோ?"

அது கேட்டவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்தப் 'பாடு' என்ற சொல் தன் உள்ளுக்கு வைத்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல.

படு என்பது வினை. அதன் முதலெழுத்து நீண்டு பெயரானது பாடு. கெடு கேடானதும் பெறு பேறானதும் இப்படித்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன சங்கதி. படுதல் என்றால் விழுதல், தொடுதல், சிக்குதல், நேர்தல், துன்பத்தை அனுபவித்தல். பழந்தமிழில் ஞாயிறு மறைவதும் மனிதர் மாய்வதும்கூடப் படுதல்தான். யாழ்ப்பாணத்தில் மாலை நேரத்தை இன்றைக்கும் 'பொழுதுபட' என்கிறோம். இத்தனையிலும் ஒன்று பொது: படுகிறவர் எதையும் செய்வதில்லை, அவர்மேல் ஏதோ வந்து விழுகிறது. ஆகவே 'என்ன பாடு?' என்று கேட்பவர் நீ என்ன சாதித்தாய் என்று கேட்கவில்லை. உன்மேல் என்னென்ன வந்து விழுந்தது என்று கேட்கிறார்.

எங்களிடம் வேறு விசாரிப்புகளும் உண்டு. 'சுகமோ?' என்பது ஒன்று. அது வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டுப் பேச்சில் அது இன்பத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இலங்கையில் உடம்போடு நின்றுவிட்டது. நோய்க்கு இங்கே சுகயீனம் என்று பெயர். காய்ச்சல் விட்டால் சுகம் வந்துவிட்டது என்போம். 'நலமா?' என்பதைப் பேச்சில் யாரும் கேட்பதில்லை. அது கடிதத்தின் முதல் வரியில் வாழ்ந்த சொல். 1990க்குப் பிறகு அதற்கு இன்னொரு குடியிருப்புக் கிடைத்தது: வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம்களுக்கு அரச தாள்களில் 'நலன்புரி நிலையம்' என்று பெயர். தகரக் கூரையின் கீழ் பிறந்து, தகரக் கூரையின் கீழேயே கலியாணம் கட்டியவர்களிடம் போய் நலமா என்று கேட்க எனக்கு வாய் வராது.

சுகமும் நலமும் 'ஓம்' என்ற பதிலை எதிர்பார்த்துக்கொண்டே வருகிற கேள்விகள். இல்லை என்று சொன்னால் கேட்டவர் சங்கடப்படுவார். பாடு அப்படிப்பட்டதல்ல. நல்லதும் கெட்டதும் அதற்குள் ஒரே பாயில் கிடக்கின்றன.

கரையூரில் அதற்கு முதற்பொருள் மீன். வலையில் மீன் பட்டால் பாடு. 'இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?' என்பது துறையடியில் விடிய முதல் கேள்வி. 'படேல்லை' என்பது அடிக்கடி கிடைக்கும் பதில். வலை போடும் இடத்துக்கும் முறைக்கும்கூட அதே பெயர் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை இறக்கலாம் என்று மீனவர்கள் சுழற்சி வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு 'பாடு' என்றே வழங்குகிறது. பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்று ஒரு கரையூரே இருக்கிறது. ஒருவருக்கு விழுந்த பங்கு என்ற இந்தப் பொருளிலிருந்துதான் 'அவரவர் பாடு', 'தன்ரை பாட்டிலை போறான்' என்ற வழக்குகள் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்களத்தில் 'பாடுவ' என்றால் நட்டம். தமிழிலிருந்து போன சொல்லாக இருந்தால், போன வழியில் மீனைக் கைவிட்டுத் துன்பத்தை மட்டும் காவிக்கொண்டு போயிருக்கிறது.

துன்பம் என்ற பொருள் தமிழிலும் பலமானதுதான். நான் பட்ட பாடு, படாத பாடு என்று தொடங்கினால் யாருக்கும் கதை முடியாது. மயிலிட்டிக் கரையில் காணிக்கை மாதா கோயில் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் தியானிப்பது யேசுவின் பாடுகளை. முதற்சீடர்களில் பலர் வலைகாரர்கள் என்பதால், பிடிபட்ட மீனும் சிலுவையும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது எனக்குத் தற்செயலாகவே தெரியவில்லை. மொழிநூலார் இதை ஒப்பமாட்டார்கள். போகட்டும்.

இந்தப் படு இன்னோர் இடத்திலும் வேலை செய்கிறது. செயப்பாட்டு வினை என்கிறோமே, அதன் வாலில் இருப்பதும் இதுவே: சொல்லப்பட்டது, எடுக்கப்பட்டது. மயிலிட்டியின் அண்மைக்கால வரலாறு முழுவதையும் இந்த வாலைப் பிடித்துக்கொண்டே எழுதிவிடலாம். 1990 யூனில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 யூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. யார் வெளியேற்றினார், யார் பூட்டி வைத்திருந்தார் என்று அந்த வசனங்களில் இல்லை. படு என்பது செய்தவரை மறைத்துக் கொடுக்கிற சாதுரியமான வினை. கந்தோர்த் தமிழ் அதை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் அதே வால் மறுபக்கமாகவும் வெட்டும். 2016இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டகை போட்டு அமர்ந்த தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. பிள்ளைகள் தாமாகப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்றார்கள். அங்கே படு வந்தால்தான் ஆக்கியவர் ஒருவர் இருப்பது தெரியவரும். போன என்பதற்கும் ஆக்கப்பட்ட என்பதற்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறதென்று எந்த இலக்கண வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இனி அந்தக் கூட்டாளிக்கு வருவோம். 'என்னடா பாடு?' என்று அவர் கேட்டபோது எந்தப் பாட்டைக் கேட்டார்? எல்லாவற்றையும் கேட்டார் என்பதே என் எண்ணம். எதற்குப் பதில் சொல்வது என்பதை மற்றவர் கையில் விட்டுவிட்டார். விருப்பமென்றால் அகதி வாழ்க்கையைச் சொல்லலாம். மனமில்லையென்றால் கடலைக் காட்டி மீனைப் பற்றிப் பேசலாம். கேட்பவர் எதையும் கிண்டாமல் கதவை மட்டும் திறந்து வைக்கிற இந்த நாகரிகம் எங்கள் பக்கத்துப் பேச்சில் பழையது. புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கை போறியள்?' என்று கேட்கக்கூடாது, 'தூரமோ?' என்றுதான் கேட்க வேண்டும் என்று ஆச்சிமார் எங்களை அதட்டி வளர்த்தார்கள். சகுனம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பதில் சொல்லாமல் தப்ப ஒரு வழி வைத்துக் கேட்பது என்று நான் சொல்வேன். தூரமோ என்றால் 'ஓம், உதிலை' என்று முடித்துவிடலாம்.

'எப்ப போறாய்?' என்பது வேறு கதை. வெளிநாட்டிலிருந்து வருகிற பலரையும் சுடுகிற கேள்வி அது. வந்த கால் ஆற முதல் அனுப்பி வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் சொல்லாராய்ச்சி உதவாது. கேட்டவர் வீட்டு முற்றத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. விடியப்புறம் துறைக்குப் போய் நீங்களே முந்திக்கொண்டு பாடு கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மத்தியானம் தொலைபேசியில் அழைத்தார். போனாராம், கேட்டாராம்.

"படேல்லையடா, நிலவு காலம்" என்றிருக்கிறார் கூட்டாளி. பிறகு இரண்டு பேரும் வலைக்குவியலின் மேல் குந்திக்கொண்டு வெயில் ஏறும்வரை கதைத்திருக்கிறார்கள். கதைத்தது முழுக்க மீன்தானாம். முந்தி எந்த இடத்தில் பாரை பட்டது, எந்த வருசம் அறக்குளா அள்ளுகொள்ளையாய் வந்தது, இப்போது இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவது. துறைமுகத்தில் தடுத்துக் கட்டியிருந்த தமிழ்நாட்டுப் படகுகளைக் காட்டி, அவர்களுக்கும் இதே பாடுதான் என்றாராம்.

எழும்பும்போது கூட்டாளி திரும்பவும் "எப்ப போறாய்?" என்று கேட்டிருக்கிறார். "வியாழக்கிழமை" என்றதும் விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"நாலு வெய்யில் இருக்கு. கருவாட்டுக்குக் காணும்."