எதிரே வரும் வெளிச்சம்

கறுப்புக் கண்ணாடிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கூலிங் கிளாஸ். அந்தப் பெயரில் குளிர்ச்சி இருக்கிறது, கொஞ்சம் கெத்தும் இருக்கிறது. ஆனால் கண்ணைக் காப்பாற்றும் பொருள் என்று அது எங்கேயும் சொல்வதில்லை. எம்.ஜி.ஆர். போட்டதும் கூலிங் கிளாஸ்தான், ரஜினி சுழற்றிப் போட்டதும் கூலிங் கிளாஸ்தான். மெட்ராஸ் ஐ வந்தவர் போடுவதையும், கண்புரை ஆபரேஷன் முடிந்து தாத்தா மாட்டிக்கொண்டு வருவதையும் அப்படித்தான் சொல்கிறோம். இவ்வளவு வேலைக்கும் ஒரே பெயர் என்பதால், வாங்கப் போகும்போது எதைக் கேட்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

உண்மையில் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் மூன்று தனித்தனிச் சரித்திரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று இருட்டு. இன்னொன்று புற ஊதாக் கதிரைத் தடுப்பது. மூன்றாவது, கடைக்காரர் 'போலரைஸ்டு' என்று சொல்லி விலையை ஏற்றும் சமாச்சாரம். மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்களால், வேறு வேறு காரணங்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இருட்டு

மூன்றில் பழையது இதுதான். ஆர்க்டிக் பனிவெளியில் வாழும் இனுயிட் மக்கள் வால்ரஸ் தந்தத்திலும் எலும்பிலும் கரையொதுங்கிய மரத்திலும் கண்ணாடி செய்தார்கள். அதில் கண்ணாடியே கிடையாது. மெல்லிய ஒரு கீறல் மட்டும்தான். முகத்தோடு ஒட்டி உட்காரும்படி செதுக்கியிருப்பார்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் நுழையாது. பனியில் பட்டுத் தெறிக்கும் சூரியன் கண்ணைக் குருடாக்கிவிடும் ஊரில் இது அலங்காரம் இல்லை.

அலங்காரம் அமெரிக்காவில் ஆரம்பித்தது. 1929-ல் சாம் ஃபாஸ்டர் என்பவர் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் இருந்த வுல்வொர்த் கடையில் செல்லுலாய்டு ஃபிரேம் போட்ட மலிவான கறுப்புக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினார். 1930-களில் பாஷ் அண்ட் லாம் நிறுவனம் ராணுவ விமானிகளுக்கான 'ஏவியேட்டர்' கண்ணாடியைப் பொதுமக்களுக்கும் ரே-பான் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் போட்டார்கள், ஊரே போட்டது. இன்றைக்கும் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த முதல் சரித்திரத்துக்குத்தான் போகிறது: ஃபிரேம், பெயர், யார் போட்டார்கள் என்பது.

கண்ணுக்குத் தெரியாதது

இரண்டாவது சரித்திரம் ஃபேஷனிலிருந்து வரவில்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தது. உருகிய கண்ணாடிக் குழம்பை நாள் முழுக்கப் பார்த்து வேலை செய்யும் தொழிலாளிகளுக்குச் சீக்கிரமே கண்புரை வந்தது. தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸ், அவர்களுக்காக ஒரு காப்புக் கண்ணாடி செய்ய முயன்றார். கண்ணாடியில் வெவ்வேறு உலோகங்களைக் கலந்து, எது வெப்பக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது, ஆனால் பார்வையைக் கெடுக்காமல் விடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1913 வாக்கில் சீரியம் கலந்த கண்ணாடி புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுப்பதைக் கண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, புற ஊதாத் தடுப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்பது. தண்ணீர் மாதிரித் தெளிவான லென்ஸும் முழுக்கத் தடுக்கலாம், கன்னங்கரேல் லென்ஸ் விட்டுவிடலாம். பின்னது மோசம். இருட்டைப் பார்த்ததும் கண்மணி விரியும்; தடுப்பு இல்லாவிட்டால் விரிந்த வாசல் வழியாகத்தான் கதிர் உள்ளே போகும். நல்ல விஷயம் என்னவென்றால் இந்தத் தடுப்பு இப்போது ரொம்ப மலிவு. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தன் இயல்பிலேயே பெரும்பாலான புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். அதனால் 'விலை கம்மின்னா கண்ணு போயிடும்' என்பதும் உண்மையில்லை, 'விலை ஜாஸ்தின்னா பாதுகாப்பு' என்பதும் உண்மையில்லை. சோதித்துச் சொல்ல ஒரு சட்டம் வேண்டும், அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியா 1971-லேயே கறுப்புக் கண்ணாடிக்குத் தேசியத் தரநிலை கொண்டுவந்தது.

நாய், கொய்னா, ஒரு கல்லூரி மாணவன்

மூன்றாவது சரித்திரம்தான் எனக்குப் பிடித்தது.

1808-ல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ் என்ற ராணுவ எஞ்சினியர் தன் வீட்டிலிருந்து லக்ஸம்பர்க் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் அரண்மனை ஜன்னல்களில் பட்டு மின்னியது. கையில் ஐஸ்லாந்து ஸ்படிகத் துண்டு ஒன்று. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி அவர் அதைத் திருகியபோது இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. நேர் வெயிலுக்கு இல்லாத ஒரு குணம், பட்டுத் தெறித்த வெயிலுக்கு வந்திருக்கிறது. ஒளி என்பது துகள், அதற்குக் காந்தம் மாதிரி துருவங்கள் உண்டு என்ற எண்ணத்தில் அவர் இதற்குப் போலரைசேஷன் என்று பெயர் வைத்தார். அந்த விளக்கம் நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. நம் பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது. தண்ணீரிலோ ஈரத் தார்ச்சாலையிலோ பட்டுத் தெறிக்கும்போது படுக்கைவாட்டில் அதிர்வது அதிகமாகிவிடுகிறது. 1815-ல் டேவிட் புரூஸ்டர் இதற்குக் கணக்குச் சொன்னார்: தண்ணீருக்குச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுக்கப் படுக்கைவாட்டில்தான் அதிரும். செங்குத்து ஒளியை மட்டும் விடும் ஒரு சல்லடை கிடைத்தால் அந்தக் கூச்சத்தை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தலாம். ஆனால் பெரிய ஸ்படிகத்தை யார் மூக்கில் மாட்டிக்கொள்வது?

வழி ஒரு நாயிடமிருந்து வந்தது. 1852-ல், நீலகிரியில் சிங்கோனா நடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் ஹெராபத் என்ற மருத்துவரின் மாணவர் ஃபெல்ப்ஸ், கொய்னா கொடுக்கப்பட்ட ஒரு நாயின் மூத்திரத்தில் அயோடின் சொட்டினார். பச்சையாகப் பளபளக்கும் ஊசிப் படிகங்கள் உருவாயின. மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஹெராபத், இரண்டு படிகங்கள் குறுக்கே படுத்திருக்கும் இடம் கறுப்பாக இருப்பதைக் கவனித்தார். தேடிய சல்லடை அதுதான். அதைப் பெரிதாக வளர்க்க அவர் பட்ட பாடு வீணாயிற்று. படிகங்கள் தொட்டால் நொறுங்கின.

முக்கால் நூற்றாண்டு கழித்து எட்வின் லாண்ட் என்ற பையன் கலைடாஸ்கோப் பற்றி புரூஸ்டர் எழுதிய புத்தகத்தில் இதைப் படிக்கிறான். 1926-ல் ஹார்வர்டில் சேர்ந்து, முதல் வருடமே விட்டுவிட்டு நியூயார்க் போனவன். பகலில் பொது நூலகம். ராத்திரி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வேலை. அவன் கண்டுபிடித்தது எளிமையானது: ஒரு பெரிய படிகம் வேண்டாம், கோடிக்கணக்கான நுண்படிகங்களைப் பிளாஸ்டிக்கில் கலந்து எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்கவைத்தால் போதும். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தான். 1938-ல் அவரது குழு கொய்னாவையும் கைவிட்டது. பாலிவினைல் ஆல்கஹால் தாளை இழுத்து நீட்டி அயோடினில் ஊறவைத்தாலே போதும் என்று ஆயிற்று. இன்றைய போலரைஸ்டு கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்தத் தாளின் வாரிசுதான். நான் தினமும் எட்டு மணி நேரம் முறைத்துப் பார்க்கும் எல்சிடி மானிட்டரிலும் அப்படி இரண்டு தாள்கள் இருக்கின்றன.

தோற்ற திட்டம்

இதில் வேடிக்கை, லாண்ட் இதைக் கூலிங் கிளாஸுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் குறி காரின் ஹெட்லைட். எல்லா ஹெட்லைட்டிலும் 45 டிகிரி சாய்வில் இந்தத் தாளை ஒட்டவேண்டும். டிரைவரின் கண் முன்னாலும் அதே சாய்வில் ஒரு தாள். என் வண்டி வெளிச்சம் ரோட்டில் பட்டுத் திரும்பினால் எனக்குத் தெரியும். எதிரே வருகிறவனுடைய தாளும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் அவன் என்னைப் பார்த்து வருவதால் எனக்கு அது குறுக்கே. அவன் லைட் எனக்கு அணைந்துவிடும். இருவரும் ஹைபீம் போட்டுக்கொண்டே போகலாம்.

டெட்ராய்ட் கார் கம்பெனிகளிடம் அவர் வருடக்கணக்கில் பேசினார். நடக்கவில்லை. தாள் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும், அதனால் பல்பின் சக்தியைக் கூட்டவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லோரும் மாறினால்தான் பயன் முழுதாகக் கிடைக்கும். முதலில் மாட்டுகிறவன் காசும் கொடுத்து, வெளிச்சத்தையும் இழந்து, எதிரே வரும் பழைய வண்டிகளின் லைட்டையும் பொறுத்துக்கொள்ளவேண்டும். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். பழையதோடு ஒத்துப்போகாத புது வெர்ஷனை ஒரே ராத்திரியில் உலகம் முழுக்க ஏற்ற முடியாது.

கூலிங் கிளாஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் வாங்கினால் ஒருவருக்கு உடனே பலன். 1930-களின் நடுவில் அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனிக்காரர்களை லாண்ட் பாஸ்டனில் ஒரு ஓட்டல் அறைக்கு அழைத்தார். ஜன்னலோரம் வெயிலில் ஒரு மீன்தொட்டி. மீன் தெரிகிறதா? கூச்சத்தில் தெரியவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மீன் தெரிந்தது. வியாபாரம் முடிந்தது.

மாமாவுக்கு ஒரு கண்ணாடி

என் தாய்மாமா ஒட்டன்சத்திரத்திலிருந்து சென்னைக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். வயது ஐம்பத்தாறு. போன வருடம் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கித் தரச் சொன்னார். ஆயிரம் ரூபாய்க்குள் தேடினேன். மேலே சொன்ன மூன்று சரித்திரங்களும் அப்போது உதவின.

முதலில் 'யுவி 400' என்று இருக்கிறதா என்று பார்த்தேன். 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம், பல ஆப்டிகல் கடைகளில் யுவி மீட்டர் இருக்கிறது, கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். அடுத்தது இருட்டின் அளவு. வகை 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் உள்ளே வரும், பகல் வெயிலுக்குச் சரி. வகை 4 வண்டி ஓட்ட ஆகாது. போலரைஸ்டுதானா என்று தெரிந்துகொள்ள லேப்டாப் திரைக்கு முன்னால் கண்ணாடியைத் திருகிப் பார்த்தேன், ஒரு கோணத்தில் திரை கறுத்தது. சாம்பல் நிற லென்ஸ், சிக்னல் நிறத்தைக் குழப்பாது. கடைசியாக ஃபிரேம். இங்கே மட்டும் ஸ்டைலும் பாதுகாப்பும் சண்டை போடுவதில்லை. பெரிய, முகத்தை ஒட்டி வளையும் ஃபிரேம் பார்க்கவும் நன்றாக இருக்கும், இனுயிட்காரர்கள் செய்த மாதிரி பக்கவாட்டு வெளிச்சத்தையும் அடைக்கும். எண்ணூற்றைம்பது ரூபாய் ஆயிற்று.

மாமா போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூப்பரா இருக்கு மாப்ள. ஆனா பகல்ல நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன். நைட்ல எதிர்ல வர்றவன் லைட்டுதான், கண்ணுல மொளகாப்பொடி தூவுன மாதிரி இருக்குது. இத நைட்ல போடலாமா?"

கூடாது. இருட்டில் இன்னும் இருட்டு சேர்த்தால் ரோட்டோரம் நடக்கிறவர் தெரியமாட்டார். ஹெட்லைட் நேராகக் கண்ணுக்கு வருகிறது, தெறித்து வருவதில்லை. சல்லடைக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. ரோட்டோரக் கடைகளில் 'நைட் விஷன்' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் உதவாது. 2019-ல் பாஸ்டனில் டிரைவிங் சிமுலேட்டரில் செய்த ஆய்வில், மஞ்சள் லென்ஸ் போட்டவர்களால் ராத்திரியில் பாதசாரிகளை மேலும் நன்றாகப் பார்க்க முடியவில்லை. நான் மாமாவிடம் சொன்னது, முதலில் கண்ணைக் காட்டலாம் என்று. ஐம்பதுக்கு மேல் ராத்திரி லைட் சிதறித் தெரிந்தால் கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். அப்படித்தான் இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

எந்த ராத்திரிக் கூச்சத்துக்காக லாண்ட் அந்தத் தாளைச் செய்தாரோ அது அப்படியே இருக்கிறது. எல்இடி வந்தபின் இன்னும் மோசம். ஆனால் நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் நடுவில் வரிசையாக அரளி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. எதிர்ப்பக்க லைட் கண்ணில் படாமல் மறைக்கத்தான் முக்கியமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்தக் கார் கம்பெனியும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மாமா திண்டுக்கல் பக்கம் எந்தெந்த இடத்தில் அரளி பட்டுப்போயிருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். அந்த இடங்களில் வேகத்தைக் குறைத்துவிடுவாராம்.