இசையும் காதைக் கெடுக்குமா?

கொதிகலன் பட்டறையில் வேலை செய்பவரின் காது மந்தமாகும் என்றால் எவரும் வியப்படைய மாட்டார்கள். இனிய இசையை எழுப்புபவரின் காதும் அவ்வாறே கெடும் என்றால் நம்புவீர்களா? முதல் உண்மை 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளியாகிவிட்டது. இரண்டாவதை ஓர் ஆங்கில நீதிமன்றம் 2018-இல்தான் உறுதிசெய்தது.

செம்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார்கள் முதுமையில் செவிடாகின்றனர் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் 100 கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். அவர்களுள் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை!

அதே நூற்றாண்டில் மேனாட்டு இசைக்குழுவும் பெருத்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஹைடன் நடத்திய குழுவில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கலைஞர்களே இருந்தனர். 1870-இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் 'வால்கியூர்' இசைநாடகத்திற்கோ சுமார் 90 பேர் தேவை. பித்தளை ஊதுகருவிகளும் பெருகின. ஆயினும், இரைச்சல் என்பது வேண்டாத ஒலி, இசையோ விரும்பிக் கேட்கும் ஒலி என்று எண்ணியதால், அதை அபாயமாக எவரும் எளிதில் கருதவில்லை.

காதுக்கு இந்த வேறுபாடு தெரியாது. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்களே ஒலியதிர்வை நரம்புக்குரிய மின்குறிப்பாக மாற்றுகின்றன. மிகையான ஒலி இச்செல்களை அழித்துவிடும். மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒலி 3 டெசிபெல் உயர்ந்தால் அதன் ஆற்றல் இருமடங்காகும். ஆகவே 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருப்பதும், 88 டெசிபெலில் 4 மணி நேரம் இருப்பதும் காதுக்கு ஒன்றே.

பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள், நாள் சராசரி 85 டெசிபெலை எட்டினால் தடுப்பு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றன. இசைத்துறைக்கு மட்டும் 2008 ஏப்ரல் வரை அவகாசம் தரப்பட்டது.

2012 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆப்பரா ஹவுசில் அதே 'வால்கியூர்' ஒத்திகை நடந்தது. மேடைக்கு முன்னுள்ள நெரிசலான பள்ளத்தில், டிரம்பெட்டுகளுக்கு நேர் முன்னே ஒரு வயோலா கலைஞர் அமர்ந்திருந்தார். உச்ச ஒலி 130 டெசிபெலைத் தாண்டியது. அவரது செவி கெட்டது. அன்றாட ஓசைகளையும் தாங்க இயலாமல் போயிற்று. 2014-இல் அவர் பணியை விட்டு விலக நேர்ந்தது.

வழக்கில் ஆப்பரா ஹவுஸ் என்ன வாதிட்டது தெரியுமா? தொழிற்சாலையில் இரைச்சல் ஒரு கழிவு. இங்கோ ஒலியே உற்பத்திப் பொருள் என்றது. 2018 மார்ச்சில் உயர்நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிர்வாகத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. பின்னர் இருக்கைகளை மாற்றி அமைத்தபோது ஒலி குறைந்ததே! அதை முன்கூட்டியே செய்திருக்கலாம் அல்லவா?

காதடைப்பான் அணிந்தால் சகக் கலைஞரின் நுண்சுரம் கேளாது. அணியாவிட்டால் நாளடைவில் எந்தச் சுரமும் சரிவரக் கேளாது. ஆகவேதான் காதை அடைப்பதற்கு முன், இடைவெளி, இருக்கை அமைப்பு, ஒத்திகை நேரம் ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டியுள்ளது. கொதிகலன் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு இசைக் கலைஞருக்கும் உரியதே.